மார்ஃபின் மாத்திரைக்கு யார் விலை வைத்தது?

கொஞ்சம் நீளமான இழைதான். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்தால் கண்டிப்பா கடைசி வரை படிங்க.

அபினிப் பாலை சட்டப்படி எடுத்து ஏற்றுமதி செய்யும் நாடு எது தெரியுமா? நம்ம இந்தியாதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் வாங்கிய விவசாயிகள் கசகசாச் செடி போடுறாங்க. காயைக் கீறி விட்டு, மறுநாள் காலையில் வடிந்திருக்கும் பாலை வழிச்சு எடுக்கணும். ஒரு கிராம்கூட வெளியே விற்கக் கூடாது. அரசு வைக்கிற விலைக்கு அரசே வாங்கிக்கும். அங்கிருந்து காசிப்பூர், நீமச் ஆலைகளுக்குப் போகும். காசிப்பூர் ஆலை 1820ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. அப்போ சரக்கு போன இடம் சீனா!

இந்தப் பாலில் இருந்துதான் மார்ஃபின். செர்ட்யூர்னர் என்ற ஜெர்மனி மருந்தாளர் 1805 வாக்கில் பிரிச்சு எடுத்தார். 1827ல் மெர்க் கம்பெனி விற்க ஆரம்பிச்சாச்சு. இருநூறு வருஷப் பழைய மருந்து, காப்புரிமை கிடையாது, மூலப்பொருள் நம்ம வயலில். அப்போ மலிவா, எங்கேயும் கிடைக்கணும் இல்லையா?

மலிவுதான். மாத்திரை சில ரூபாய். ஆனா கிடைக்காது.

காரணம் 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் பத்து வருஷம் சிறை. ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கணும்னா நாலைந்து உரிமம், வெவ்வேறு துறையில். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி. மருந்துக்கடைக்காரர் எதுக்கு வம்புன்னு ஸ்டாக் வைப்பதை நிறுத்திட்டார். 1997ல் மொத்த இந்தியாவும் பயன்படுத்திய மார்ஃபின் வெறும் 18 கிலோ. 1985ஐ விட 97 சதவீதம் குறைவு. புற்றுநோயாளிகள் குறையலையே, வலியும் குறையலையே!

இங்கேதான் விலைக் கணக்கு வருது. லாபம் கம்மி, விற்பனை கம்மி, பதிவேடு வேலை மட்டும் அதிகம். எந்தக் கம்பெனி ஆர்வமா தயாரிக்கும்? அதே வலிக்கு ஃபென்டனைல் பட்டை இருக்கு. தோலில் ஒட்டினால் மூணு நாள் தாங்கும், விலை பல நூறு ரூபாய். (முழுங்கவே முடியாதவங்களுக்கு அது நல்ல மருந்துதான், குறை சொல்லல.) நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, மனைவியின் வலிக்கு அந்தப் பட்டை வாங்க ஆட்டை வித்துட்டு வந்தார் ஒரு பெரியவர். மார்ஃபின் மாத்திரை எங்க வார்டில் இல்லை.

“டாக்டர், அமெரிக்காவில் இதே மருந்தாலதானே லட்சக்கணக்கில் செத்தாங்க?”ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆக்ஸிகோடோன் 1916லேயே இருந்த மருந்து. அதை மெதுவா கரையும் மாத்திரையாக்கி, புதுக் காப்புரிமையோட 1996ல் ஆக்ஸிகான்டின்னு இறக்கினாங்க. அடிமையாகும் ஆபத்து குறைவுன்னு சொல்லி வித்தாங்க. தவறான தகவல் கொடுத்ததை 2007ல் பர்டூ நிறுவனம் நீதிமன்றத்திலேயே ஒத்துக்கிச்சு. அங்கே லாபம் அளவுக்கு மீறித் தள்ளியது, இங்கே லாபம் இல்லாததால் கடைக்கே வரல.

உகாண்டா வேற வழியில் போச்சு. மார்ஃபின் பொடியை வாங்கி, தண்ணீரில் கரைச்சு, பாட்டிலில் ஊத்தி, நோயாளிக்கு இலவசமா தர்றாங்க. பயிற்சி பெற்ற நர்ஸே எழுதிக் கொடுக்கலாம்.

நம்ம ஊரில் கேரளாவின் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கா போராடி, 2014ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உட்பட ஆறு மருந்துக்கு இப்போ பல உரிமம் தேவையில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் ஒன்று போதும். எல்லா ஆஸ்பத்திரியும் அதை வாங்கி வைக்கல என்பதுதான் மிச்சக் கதை.

உங்க வீட்டு நோயாளி வலியில் தூங்கலைன்னா, டாக்டரிடம் வாய்வழி மார்ஃபின் பற்றி நேராவே கேளுங்க. அங்கே இல்லைன்னா, அங்கீகாரம் உள்ள வலி நிவாரணப் பிரிவு பக்கத்தில் எங்கே இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க.