பறையும் கிடாரும் ஒரே மேடையில்: தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

இன்னைக்கு ஒரு கச்சேரியோட கதை. 2018 ஜனவரி 6, சனிக்கிழமை. சென்னை கீழ்ப்பாக்கத்துல ஒரு பள்ளி மைதானம். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறையா மேடை ஏறின நாள். நான் அப்போ இன்ஜினியரிங் மாணவன். கூட்டத்துல பின்னாடி நின்னேன். அதுக்கப்புறம் அவங்க கச்சேரி எங்கன்னாலும் தேடிப் போற ஆளா மாறிட்டேன்.

முதல்ல பின்னணி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. மொத்தம் 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடும் அறிவு, கிடார், டிரம்ஸ், பறை, சட்டி. அந்த 19 பேரில் ஒரே பெண், இசைவாணி. பெயர் எங்கிருந்து வந்தது? அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) பேசிய ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற கருத்திலிருந்து.

மாதத்தையும் கவனிங்க. அது மார்கழி. சென்னையில சபா கச்சேரிகளின் சீசன். அதே ஊர்ல, அதே மாசம், சாவு வீட்டோட மட்டும் சேர்த்துப் பார்க்கப்பட்ட கானாவும் பறையும் மேடைக்கு வந்தன.

இது எனக்கு ஏன் பெரிய விஷயம்? நான் தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். எங்க ஊர்ல பறைச் சத்தம் கேட்டா முதல் கேள்வி, “யாரு செத்தா?” அடிக்கிறவர் பேரை யாரும் கேட்க மாட்டாங்க. கீழ்ப்பாக்கத்துல பறைக்குத் தனி மைக். அடிச்சவங்க கோட் சூட்ல நின்னாங்க. ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி அறிமுகப்படுத்தினப்போ கூட்டம் கைதட்டுச்சு.

2012 நவம்பர் 7-ஐயும் இங்க சொல்லணும். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அப்போ நான் பள்ளி மாணவன். வகுப்புல யாரும் அதைப் பத்திப் பேசல. ஐந்து வருஷம் கழிச்சு, சாதிங்கிற வார்த்தையை மைக் முன்னாடி சத்தமா பாடுறதைக் கேட்டேன்.

அதுல ‘கோட்டா’ பாட்டு இடஒதுக்கீட்டைப் பத்தினது. “உன் கட்ஆஃப் எவ்வளவு?”னு கேட்டு சாதியைக் கணக்குப் போடுற ஹாஸ்டல் பேச்சு எல்லா இன்ஜினியரிங் மாணவனுக்கும் தெரியும். அந்தப் பேச்சுக்கு டிரம்ஸோட பதில் வந்தது அன்னைக்குத்தான்.

“ராக்ல பறை ஒட்டுமா?”னு நண்பன் கேட்டான். ராக் இசையோட வேரே அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ்தானே! ஒடுக்கப்பட்டவங்க இசை அதுக்குப் புதுசு இல்ல.

2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பிடித்தார். 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ மூலம் அறிவு உலகம் முழுக்கப் போனார். ஆனா ஊர்ல பறை அடிக்கிறவருக்கு நாம இன்னும் பேர் கேட்கல.

நீங்க பறையை முதல்ல எங்க கேட்டீங்க? அடிச்சவர் பேர் தெரியுமா? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.