ஊருணித் தண்ணியும் நரம்புச் சிலந்தியும்

முட்டி வலின்னு வந்த பெரியவர் ஒருத்தருக்கு எக்ஸ்ரே எடுத்தோம். எம்.ரெட்டியபட்டி பக்கத்துக்காரர். முட்டி தேய்மானம் இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனா அதுக்குக் கீழே, கெண்டைக்கால் சதைக்குள்ள, நெளிநெளியா வெள்ளையா ஒரு சுண்ணாம்புக் கோடு. என் வயசு டாக்டர்கள் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்த படம் அது.

"நரம்புச் சிலந்தி தம்பி. சின்ன வயசுல வந்துச்சு. ஒண்ணு வெளிய வந்துருச்சு, இன்னொண்ணு உள்ளேயே செத்துப்போச்சு போல" என்றார் சிரிச்சுக்கிட்டே.

அடுத்த மூச்சிலேயே, "ஆனா அந்த ஊருணித் தண்ணி ருசி இருக்கே, இப்ப எதுலயும் வராது" என்றார்.

இந்த ரெண்டு பேச்சும் ஒரே கதையோட ரெண்டு பாதிகள். அதைச் சொல்லத்தான் இந்த இழை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. பல ஊர்களில் கிணறு வெட்டினா உப்புத் தண்ணிதான். அதனால மழைத் தண்ணியைத் தேக்கிக் குடிக்க ஊருக்கு ஊர் ஊருணி. குடத்தோட தண்ணிக்குள்ள இறங்கி, மோந்து, இடுப்பில் வெச்சு நடந்த காலம்.

சிக்கலே அந்த இறங்குறதுலதான்.

நரம்புச் சிலந்தி பூச்சி கிடையாது, புழு. பெண் புழு ஒரு மீட்டர் நீளம் வரைக்கும் வளரும். பெரும்பாலும் கால்ல கொப்புளம் கட்டி வெளியே வரும். நெருப்பு வெச்ச மாதிரி எரியும். எரிச்சல் தாங்காம காலைத் தண்ணியில வைப்பாங்க. அந்த நொடி புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணிக்குள்ள விடும். சைக்ளோப்ஸ் என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி அதைத் தின்னும். அந்தத் தண்ணியை வடிகட்டாம நாம குடிப்போம். ஏறக்குறைய ஒரு வருஷம் கழிச்சு நம்ம காலில் கொப்புளம்.

மருந்து கிடையாது. தடுப்பூசியும் கிடையாது, இன்னைக்கு வரைக்கும். ஒரு குச்சியில சுத்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். அறுந்தா சீழ் பிடிக்கும். வாரக்கணக்கில் படுக்கை. காட்டு வேலைக்கும் கூலிக்கும் போக முடியாது.

1980-களின் தொடக்கத்தில் ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்சப்ப இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 40,000 பேருக்கு இது இருந்தது. பாதிக்கப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒண்ணு. ஆயுதம் என்ன? துணியில வடிகட்டு. புழு வந்த காலோட தண்ணியில இறங்காதே. படிக்கிணத்தைக் கயிறு போட்டு இறைக்கிற கிணறா மாத்து. அடிபம்பு போடு. நீர்ப்பூச்சிக்கு மருந்து தெளி. அவ்வளவுதான். மாநிலங்களில் முதலில் விடுபட்டது தமிழ்நாடு. நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது. 1986-ல் உலகத்தில் 35 லட்சம் பேர். 2023-ல் 14 பேர்.

நாம சுகமா சொல்ற 'நாஸ்டால்ஜியா'வும் ஒரு நோயின் பேராத்தான் பிறந்தது. 1688-ல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்து ஏங்கி இளைச்சவங்களைப் பத்தி பாசல் நகரில் எழுதின ஆய்வேட்டில் வெச்ச பேரு. கிரேக்கத்தில் திரும்புதல், வலி என்ற ரெண்டு சொல்லையும் சேர்த்தது. இப்ப நாம வலியை விட்டுட்டு, திரும்புறதை மட்டும் பேசுறோம்.

"அந்தக் காலத்துல எந்த நோய் இருந்துச்சு, எதுக்குக் காய்ச்சிக் குடிக்கணும்"னு கேக்குறவங்களுக்கு அந்த எக்ஸ்ரேதான் பதில். பெரியவருக்கு ருசியும் தெரியும், புழுவும் தெரியும். அவரை மாதிரி ஆட்கள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. ருசியை மட்டும் கேட்டு வளர்ந்த நாமதான் ஏமாந்துருவோம்.

குப்பை மேடாகிப்போன ஊருணிகளை அவசியம் தூர்வாருவோம். நிலத்தடி நீருக்கும் ஆடு மாட்டுக்கும் அது வேணும். நமக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா குடிக்கிற தண்ணியை மட்டும் வடிகட்டிக் காய்ச்சிக் குடிங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நரம்புச் சிலந்தி பத்திக் கேட்டுப் பாருங்க. காலைத் தடவிக்கிட்டே கதை சொல்லுவாங்க.