கங்காணியின் லைசென்சு

மலாயாத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றைப் பேசுவோர் இரு கட்சியினராவர். நம் முன்னோர் பிழைப்பை நாடித் தாமே கப்பலேறினர் என்பது ஒரு கட்சி. ஆடுமாடுகளைப் போல ஓட்டி வரப்பட்டனர் என்பது மற்றொன்று. மேடையில் முன்னதற்குக் கைதட்டலும் பின்னதற்குக் கண்ணீரும் கிடைக்கும். சட்டங்களையும் தோட்டக் கணக்குகளையும் புரட்டுகிறவனுக்கோ வேறொன்று புலப்படும். இன்னார், இத்தனை பேர், இன்ன கூலிக்கு வரலாம் என்று தீர்மானித்தவர் வேறு சிலர். அத்தீர்மானம் சட்டமாகவும் வரியாகவும் லைசென்சுத் தாளாகவும் வந்தது.

முதலில் வந்தது சஞ்சிக்கூலி முறை. இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களே அதற்குப் பேர்போனவை. கப்பற் செலவு தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறும். ஒப்பந்தம் முடியுமுன் அவன் தோட்டத்தை விட்டு அகன்றால் அது குற்றம், தண்டனை சிறை. கவர்னராயிருந்த சர் பிரெடரிக் வெல்டு 1887இல் எழுதியதொன்று கருதத்தக்கது. இக்குடியேற்றங்களில் சீனர் தொகை மிகுந்துவிட்டதால், அதற்கு ஈடாக இந்தியரை வரவழைத்தல் அரசியல் முறையில் நல்லது என்பது அவர் கருத்து. ஆக, நாம் கரும்பு வெட்டுவதற்கு மட்டும் அழைக்கப்படவில்லை. தராசின் மறுதட்டில் இடும் படிக்கல்லாகவும் அழைக்கப்பட்டோம்.

பின்னர்க் கித்தா வந்தது. ஆள் போதவில்லை. ஒரு துரை பணம் செலவிட்டு ஆள் கொண்டுவர, அடுத்த தோட்டத்தார் இரண்டு காசு கூட்டிக் கொடுத்து அவ்வாட்களை இழுத்துக்கொள்வர். இச்சண்டையைத் தீர்க்கவே 1907இல் குடியேற்ற நிதிச் சட்டம் பிறந்தது. தமிழ்த் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் யாவரும், ஆள் அழைத்தாலும் அழையாவிடினும், வேலை நாட்களின் கணக்குப்படி நிதிக்குப் பணம் கட்டவேண்டும். ரயில், கப்பல், தங்குமிடச் செலவெல்லாம் அந்நிதியினின்று போகும். அச்செலவைத் தொழிலாளியிடம் திரும்ப வசூலிக்க இடமில்லை. சஞ்சிக்கூலிக்கு ஆள் சேர்ப்பதும் 1910இல் நிறுத்தப்பட்டது. முதலாளிமார் தம் சச்சரவைத் தீர்க்கச் செய்த ஏற்பாடேயாயினும், கடனின்றி ஒருவன் கரையிறங்க அது வழி செய்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

இனிக் கங்காணியைப் பார்ப்போம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவனே லைசென்சு பெற்றுத் தன் ஊருக்குச் செல்வான். புதுத் துணியும், கையிற் சில வெள்ளியும், நாவில் இனிய பேச்சும் உண்டு. அவன் அழைத்தவர் யாவர்? தன் ஊரார், தன் உறவினர், தன் சாதியார். ஆதலின் தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு ஜில்லாக்களின் தெருப்பிரிவுகள் கலையாமல் அப்படியே நம் லயங்களில் வந்து உட்கார்ந்தன. கடல் கடந்தால் சாதி போகும் என்று சாத்திரம் பேசியவர்கள் இதைக் கண்டிருப்பின் மனம் தேறியிருப்பர். கங்காணிக்கோ, தன் ஆட்கள் பெரட்டுக்கு வந்த நாளெல்லாம் தலைக்காசு. காய்ச்சலில் கிடப்பவனை அவன் ஏன் எழுப்பினான் என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின், ஆள் அழைப்பதற்குக் கிராம முன்சீப்பின் கையெழுத்தும் தேவையாயிற்று. ஏமாற்றைத் தடுக்க இது நல்ல விதிதான். ஆனால் பண்ணையாள் ஒருவன் மிராசுதாரை விட்டுப் போகக் கேட்கும்போது, முன்சீப் எந்தப் பக்கத்து மனிதர் என்பதைத் தஞ்சை ஜில்லாவை அறிந்தவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ? ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் பெயர் பதிந்து, மருத்துவச் சோதனை முடிந்து, கப்பலில் வந்து, நோய்த்தடுப்புக்கெனப் பினாங்கின் ஜெரஜாத் தீவில் அடைபட்டுக் கிடந்து, பின்பே தோட்டம். 1926ஆம் ஆண்டில் மட்டும் 1,70,000க்கு மேற்பட்ட தென்னிந்தியர் இங்ஙனமும் தம் செலவிலும் வந்திறங்கினர்.

நான்கே ஆண்டுகளில் குழாய் அடைக்கப்பட்டது. கித்தா விலை சரியவே, 1930 ஆகஸ்டில் ஆள் சேர்ப்பது நின்றது. கூலி ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆள் அழைத்த அதே நிதியைக் கொண்டு, 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சீன ஆண்களுக்கும் அவ்வாண்டில் வரம்பு கட்டப்பட்டது; 1933இல் அந்நியர் சட்டம் வந்தது. நாம் பிரிட்டிஷ் பிரஜைகளாதலின் அச்சட்டம் நம்மைத் தொடவில்லை என்று பெருமை பேசியோர் உண்டு. ஆள் அழைப்பதையும் அனுப்புவதையும் கைக்குள் வைத்திருந்தவர்களுக்கு நம்மைத் தடுக்க வேறு சட்டம் எதற்கு?

1936இல் சீனிவாச சாஸ்திரியார் இந்நாட்டைச் சுற்றிப் பார்த்தார். கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை மீண்டும் தொடங்கலாகாது எனவும், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய கூலியைத் தரவேண்டும் எனவும் கூறினார். கூலியும் ஏறிற்று, ஆனால் 1938இல் முதலாளிமார் 5 காசைக் குறைக்கத் துணிந்தனர். இந்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை அடியோடு தடுத்தது. ஐந்து காசின் பொருட்டு ஒரு கடல்வழி மூடப்பட்டது. என் எண்ணத்தில் நம் வரலாற்றில் இதற்கு நிகரான நாள் வேறில்லை. கேட்டபோதெல்லாம் ஆள் வந்து குவிந்தவரை, இங்கிருந்தவன் கூலி கேட்க வாய் திறக்கவில்லை. அந்தக் குவியல் நின்றது.

யுத்தத்திற்குப் பின், 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் மலாயாவின் பக்கத்துக் கதவையும் சாத்தியது. பழைய நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி எனப் பெயர் மாறி, பின்னாளில் கலைக்கப்பட்டது.

வாசக அன்பர்களே, இன்று தோட்டத்துச் செக்ரோலில் நான் எழுதும் பெயர்களிற் பெரும்பாலானவை தமிழ்ப் பெயர்களல்ல. வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேபாளியர். நம்மவர் சிலர் அவர்களை ஏளனப் பெயரிட்டு அழைப்பதைக் கேட்கிறேன். நம் பாட்டன்மாரையும் இவ்வாறே அழைத்தனர். செம்பனைக் குலை வெட்டும் ஓர் இளைஞர், ஏஜண்டுக்குக் கட்டிய பணத்திற்காகத் தம் தகப்பனார் நிலம் ஈட்டில் இருப்பதாகவும், இரண்டாண்டுச் சம்பளம் அதற்கே போகுமென்றும் கூறினார். ஆள் கொண்டுவரும் செலவை முதலாளியின் கணக்கில் இந்நாடு எழுதியது 1907இல்.