உழுபடையும் மடக்குக் கத்தியும்

என் இளமையில், பூரணாங்குப்பத்தில் எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். இத்தகையோரைப் புதுவை மக்கள் 'சொல்தா' என்பர். இந்தோசீனப் போரைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. ஆயின், படைநாளில் வாங்கிய சிவப்புப் பிடியுடைய மடக்குக் கத்தி எப்போதும் அவர் மடியில் இருக்கும். தூண்டில் நரம்பு அறுக்கவும், எங்களுக்குப் பென்சில் சீவித் தரவும் அதுவே உதவியது. படைக்கத்தி எனப் பெயர் பெற்ற ஒன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு உறவான விந்தையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அக்கத்தியின் தாயகம் சுவிட்சர்லாந்து. 1884இல் இபாக் என்னும் ஊரில் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891இல் தம் நாட்டுப் படைக்குக் கத்தி வழங்கினார். அலகு, குத்தூசி, டப்பாத் திறப்பான், திருப்புளி ஆகிய நான்கே அதன் உறுப்புகள். திருப்புளி துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்க. டப்பாத் திறப்பான் பசியாற. பகைவனைக் கொல்வதற்கென ஓர் உறுப்பும் அதில் இல்லை. 1897இல் தக்கைதிருகியுடன் அதிகாரிகளுக்கான மெல்லிய வடிவம் பதிவு பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க வீரர்கள் அதனை வாங்கிச் செல்லவே, உலகெங்கும் புகழ் பரவிற்று. 1815இல் ஐரோப்பிய வல்லரசுகள் நடுநிலை நாடென ஏற்ற ஒரு நாட்டின் படைக்கத்தியே உலகோர் சட்டைப்பையில் இடம்பெற்றது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

இவ்வுண்மை தமிழுக்குப் புதிதன்று. நம் முன்னோர் போர்க்கருவியையும் கலப்பையையும் 'படை' என்னும் ஒரே சொல்லால் வழங்கினர். புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார், பொருபடையின் வெற்றியும் உழுபடையின் விளைச்சலால் வருவதே எனக் கிள்ளிவளவனுக்கு அறிவுறுத்துகிறார். 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடிப் பொலிவதையும், அதியமானின் வேல்கள் முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்புநோக்குகிறார். கருவியின் பெருமை அதன் தேய்மானத்தில் உள்ளது என்பதே அதனால் நாம் பெறும் பொருள். அதியமான் வேல் போரில் தேய்ந்தது. எங்கள் தெருப் பெரியவரின் கத்தி பிறருக்கு உதவித் தேய்ந்தது.

2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் வானூர்திகளில் இக்கத்திக்குத் தடை வந்தது, விற்பனையும் சரிந்தது. ஆயினும் அது மறையவில்லை. 2024இல் அலகே இல்லாத வடிவத்தை உருவாக்கி வருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அலகு நீங்கினும் விலைபோகும் என்று அதனை ஆக்குவோரே நம்புகின்றனர். மக்கள் விரும்பியது கூர்மையை மட்டுமன்று, உடனிருந்து உதவும் பண்பையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கவிஞர்களாகிய நாம் கத்தி என்றதும் குருதியை எழுதிப் பழகிவிட்டோம். பெரியவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்தன. பாதியாய்த் தேய்ந்த அக்கத்தியால் அவர் மகள் இன்றும் பூக்கட்டும் நார் நறுக்குகிறார். பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டத்தின் கவிதைகளில் அந்தக் கத்திக்கும் ஓர் இடம் வேண்டும்.