மாணவர் மடிக்கணினியில் சேமிப்பகம்: அடிவிலையின் வரலாறு

மடிக்கணினிச் சேமிப்பகத்தின் வரலாறு வழக்கமாகக் கொள்ளளவு பெருகிய வரலாறாகவே எழுதப்படுகிறது. சிறு தொகைக்குள் கணினி வாங்க வேண்டிய மாணவரின் நிலையிலிருந்து நோக்கினால், அந்த வரலாற்றின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது அடிவிலையே என்பது புலப்படும். ஒரு கருவியை எவ்வளவு சிறிய கொள்ளளவில் செய்தாலும் குறையாமல் நிற்கும் ஆக்கச் செலவை இங்கே அடிவிலை என்கிறோம்.

சுழலும் காந்தத் தட்டில் தரவைப் பதியும் ஹார்ட் டிஸ்க், 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராமாக் கணினியோடு அறிமுகமானபோது, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளையே தாங்கியது. 1980இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல அளவிலும், 1988இல் பிரெய்ரிடெக் நிறுவனம் 2.5 அங்குல அளவிலும் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டன. பின்னதே மடிக்கணினிகளின் பொது அளவாக நிலைத்தது. காலப்போக்கில் ஒரே தட்டில் அடங்கும் தரவு பன்மடங்கு பெருகியபோதிலும், மோட்டார், தட்டு, படிக்கும் முனை, அதைத் தாங்கும் கரம் ஆகியவை எவ்வளவு சிறிய ஹார்ட் டிஸ்க்குக்கும் தேவைப்பட்டதால், அதன் விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. அதே விலைக்குக் கொள்ளளவு கூடியதே தவிர, பாதிக் கொள்ளளவு போதும் என்பவருக்குப் பாதி விலையில் அது கிடைக்கவில்லை.

வேகத்தின் குறையும் அந்த அமைப்பிலேயே இருந்தது. மடிக்கணினிகளில் பரவலாக இருந்த ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வதால், தேடும் தரவு முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக 5.6 மில்லி வினாடியும், கரம் இடம் நகர அதற்கும் மேலான நேரமும் ஆயின. ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அதனால் வினாடிக்கு நூறு முறைகூடப் படிக்க இயலவில்லை.

மாற்றுவழி தோஷிபா நிறுவனத்தில் பிறந்தது. அங்கே ஃபுஜியோ மசுவோகாவின் குழுவினர் 1987இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ், மின்சாரம் நின்ற பின்னும் மின்னூட்டத்தைத் தக்கவைக்கும் நினைவகமாகும். அசையும் உறுப்பு ஏதுமின்றி அதனால் அமையும் சேமிப்பகமே எஸ்.எஸ்.டி. 2008இல் மேக்புக் ஏர் மடிக்கணினியில் 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 64 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வேண்டுமென்றால் 999 டாலர் கூடுதலாகத் தர வேண்டியிருந்தது. ஆனால் ஃபிளாஷின் செலவு கொள்ளளவோடு சேர்ந்தே ஏறி இறங்குவது. அதனால்தான், செல்வர்க்கு மட்டுமே எட்டியதாகத் தோன்றிய அதே தொழில்நுட்பம், 2007இல் பள்ளிக் குழந்தைகளுக்கென வந்த எக்ஸ்ஓ கணினியில் 1 ஜி.பி. அளவிலும், ஏசஸ் ஈபிசியில் 4 ஜி.பி. அளவிலும் இடம்பெற முடிந்தது.

அவ்வளவு சிறிய இடம் பொதுப் பயன்பாட்டுக்குப் போதாமையால், 2011இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் ஹார்ட் டிஸ்க்கே இருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்து வெள்ளம் அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் ஆலைகளை முடக்கியதால், உலகெங்கும் அதன் விலை உயர்ந்தது. மறுபுறம், ஒரே நினைவறையில் மூன்று பிட்டுகளைப் பதியும் டி.எல்.சி. முறையை 2012இல் சாம்சங் தன் 840 எஸ்.எஸ்.டி.யில் கையாண்டது; 2013இல் அறைகளை 24 அடுக்குகளாக மேல்நோக்கிக் கட்டவும் தொடங்கியது. இவற்றின் விளைவாக, மாணவரின் பாடங்களுக்கும் மென்பொருள்களுக்கும் போதுமான 240, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.களின் விலை, பின்வந்த ஆண்டுகளில் ஹார்ட் டிஸ்க்கின் அடிவிலையை நெருங்கியது.

அதன்பின் தேர்வு எஸ்.எஸ்.டி.களுக்குள்ளேயே நிகழலாயிற்று. பழைய கணினிகளின் சாட்டா இணைப்பு வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி.யோடு நின்றுவிட, என்விஎம்இ வகை அதைப் பன்மடங்கு கடந்தது. எம்.2 எனப்படும் சிறு பலகை வடிவம் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், கணினியின் பொருத்துவாய் எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குவது இன்றியமையாததாயிற்று. அறைக்கு நான்கு பிட்டுகளைப் பதியும் கியூ.எல்.சி. விலையை மேலும் குறைத்தாலும், எழுதும் ஆயுளைச் சுருக்கியது.

ஒரு ஜி.பி.க்கு ஆகும் விலையில் ஹார்ட் டிஸ்க் இன்னும் மலிவு என்பதால், பெருந்தொகுப்புகளை வைக்கும் வெளிச் சேமிப்பகமாக அது நீடிக்கிறது. ஆனால் மாணவர் செலுத்துவது மொத்த விலையை; ஆகவே கணினிக்குள் அதன் இடத்தைப் பறித்தது ஜி.பி. கணக்கு அன்று, போதுமான அளவுக்கு மட்டும் பணம் கொடுக்க இயன்ற வசதியே.