நாயின் பச்சை ஆகாரத்தில் காய்கறியும் துணைச்சத்தும்: ஒரு விசாரணை

டப்பாவில் அடைத்து விற்கும் உணவும் அடுப்பில் வெந்த உணவும் நாயின் இயல்புக்கு ஒவ்வாதவை, பச்சை மாமிசமும் அதனோடு ஒட்டிய எலும்புமே அதற்கு உரிய ஆகாரம் என்னும் கொள்கை, சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து பிற நாடுகளுக்குப் பரவிய காலத்தில், அதனை முன்னின்று பரப்பிய கால்நடை வைத்தியர் இருவருக்குள்ளேயே ஒரு முக்கியமான அம்சத்தில் கருத்து ஒற்றுமை இருக்கவில்லை. 1993-இல் தம் நூலை வெளியிட்ட இயான் பில்லிங்ஹர்ஸ்ட், ஆகாரத்தின் பெரும்பங்கு மாமிசம் ஒட்டிய எலும்பாகவே இருக்கவேண்டும் என்று விதித்தபோதிலும், கூழாக அரைத்த பச்சைக் காய்கறிகளுக்கும் ஈரல், முட்டை, கடற்பாசித் தூள், எண்ணெய் முதலியவற்றுக்கும் அதில் இடம் அளித்தார். 2001-இல் தம் நூலை வெளியிட்ட டாம் லான்ஸ்டேலோ, முழு உடலாகவோ பெரும் துண்டாகவோ கிடைக்கும் இரையே போதுமானது என்றும், காய்கறிக் கூழும் சத்துத் தூள்களும் அதற்கு அவசியமானவை அல்ல என்றும் வாதித்தார். இவ்விருவரையும் பின்பற்றியோர் இன்றளவும் இரு கட்சிகளாகவே நிற்கின்றனர். இந்த விவாதம் காய்கறியைச் சுற்றியே சுழன்றுகொண்டிருப்பதால், அதைவிடக் கவனத்துக்கு உரியதாகிய துணைச்சத்துப் பிரச்சினை பின்தள்ளப்பட்டுவிட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இரு கட்சியாரும் சாட்சிக்கு அழைப்பது ஓநாயையே. ஓநாய் தன் இரையின் வயிற்றைக் கிழித்து, அதனுள் பாதி செரித்துக் கிடக்கும் புல்லையும் தழையையும் உண்கிறது. ஆகவே அரைத்த காய்கறி அந்த வயிற்றுப் பொருளுக்கு ஈடாகும் என்பது ஒரு பக்ஷம். ஓநாய்களை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக் முதலியோரின் அவதானிப்போ இதற்கு மாறானது: பெரிய இரையின் அசையிரைப்பையைக் கிழிக்கும் ஓநாய், உள்ளிருக்கும் தழைக்கூழைச் சிந்தவிட்டு, பையின் சுவரையே தின்கிறது. இதனால் எதிர்க்கட்சி வென்றுவிட்டதாகவும் கொள்ளமுடியாது. ஏனெனில், யெல்லோஸ்டோன் வனத்தில் கோடைகாலத்து ஓநாய்களின் எச்சத்தைச் சோதித்தபோது அதில் புல் அடிக்கடி காணப்பட்டது; மின்னசோட்டாவிலோ, வளர்ந்த ஓநாய் ஒன்று நீலநிறக் காட்டுப்பழங்களை உண்டு வந்து குட்டிகளுக்குக் கக்கி ஊட்டியது நேரில் காணப்பட்டுப் பதிவும் செய்யப்பட்டிருக்கிறது. சாட்சி இரு பக்கமும் பேசுகிறது. அது ஒரே பக்கம் பேசியிருந்தாலும் நமக்கு என்ன லாபம்? காட்டில் ஓநாய் பத்து வயதை எட்டுவது அபூர்வம். குட்டி ஈன்று வளர்க்கும் அளவுக்கு அதன் உணவு அதனைத் தாங்கினால் இயற்கையின் காரியம் முடிந்துவிடுகிறது. வீட்டு நாயை வளர்ப்பவரோ அது பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் நோயின்றி வாழவேண்டும் என்று விரும்புகிறார். ஒரு பிராணி எதைத் தின்கிறது என்பதிலிருந்து அதற்கு எது சிறந்தது என்பதை அனுமானிப்பது தர்க்கத்துக்குப் பொருந்தாது.

மேலும், நாய் ஓநாய் அன்று. 2013-இல் சுவீடனின் உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த எரிக் ஆக்ஸெல்சனும் அவர் சகாக்களும் இரு பிராணிகளின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டு, மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய அமிலேசுக்குரிய மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளாகவே இருக்க, நாயில் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை பெருகியிருப்பதைக் கண்டறிந்தனர். மனிதன் பயிர்த்தொழிலை மேற்கொண்ட பின்னர் அவன் குப்பையையும் எச்சிலையும் நம்பி வாழ்ந்த பிராணியிடத்தில் இம்மாறுதல் நிலைபெற்றிருக்கவேண்டும். பயிர்த்தொழில் எட்டாத ஆஸ்திரேலிய டிங்கோவிலும் வடதுருவப் பிரதேசத்து ஹஸ்கியிலும் அப்பிரதிகள் குறைவாகவே இருப்பது இவ்வனுமானத்தை உறுதிப்படுத்துகிறது. கேழ்வரகுக் கூழும் பழஞ்சோறும் தின்று தலைமுறை தலைமுறையாக நம் கிராமங்களில் காவல் காக்கும் நாய்களைப் பார்த்தவர்களுக்கு இச்செய்தி பெரிய ஆச்சரியத்தை விளைக்காது. ஆயினும் இதனைக் காய்கறிக் கட்சியார் தமக்குச் சாதகமாக எடுத்தாளும்போது ஓர் எல்லையைக் கடந்துவிடுகின்றனர். மாவுச்சத்தைச் செரிக்க வல்லது என்பது வேறு. அது இல்லாமல் வாழமாட்டாது என்பது வேறு. வளர்ந்த நாய்க்குப் போதிய புரதமும் கொழுப்பும் கிடைத்தால், மாவுச்சத்து இன்றியமையாத தேவையன்று.

ஆகவே வம்சாவளியை விட்டுவிட்டு, வரவுசெலவுக் கணக்கைப் பார்ப்பதுபோல், இலையில் விழும் பொருளில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது, நாயின் உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பதே நேர்வழி. கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியில் கால்சியம் ஒரு பங்கு இருந்தால் பாஸ்பரஸ் ஏறக்குறைய இருபது பங்கு இருக்கிறது. நாய்க்கு வேண்டிய விகிதமோ ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்று வரை, அதாவது கால்சியமே சமமாகவோ மிகுதியாகவோ இருக்கவேண்டும். எலும்பில்லாத வெறும் மாமிசத்தால் வளரும் குட்டியின் உடல், இரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுசெய்யத் தன் எலும்பையே கரைத்துக்கொள்கிறது. கால் வளைகிறது, தாடை மிருதுவாகிறது, சிறு துள்ளலிலேயே எலும்பு முறிகிறது. எலும்பைச் சேர்த்தால் இக்குறை தீரும். ஆனால் கணக்கு அத்துடன் முடிவதில்லை. அயோடின், துத்தநாகம், மாங்கனீஸ், வைட்டமின் ஈ, வைட்டமின் டி ஆகியவை கோழிக் கழுத்தையும் மாட்டிறைச்சியையும் கொண்டு அமைத்த ஆகாரத்தில் எளிதில் குறைந்துவிடுகின்றன. காட்டு ஓநாய்க்கு இவை இரையின் தைராய்டு சுரப்பியிலும், மயிரிலும், குடலிலும், ஈரலிலும், இரத்தத்திலும் கிடைக்கின்றன. கசாப்புக் கடையிலோ இரத்தம் வடிந்துவிடுகிறது, தோல் உரிக்கப்படுகிறது, சுரப்பிகள் பெரும்பாலும் அகற்றப்படுகின்றன. 2011-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பச்சை ஆகாரம் அளிப்போர் தம் நாய்களுக்கு உண்மையில் கொடுத்துவந்த 95 உணவுத் திட்டங்களைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அவற்றில் ஐந்தில் மூன்று பங்கு ஏதேனும் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு உடையதாய் இருந்தது. அத்திட்டங்களை வகுத்தவர்கள் அலட்சியமானவர்கள் அல்லர். கடையில் பொட்டலம் வாங்குவோரைவிட அதிக சிரத்தை எடுத்துக்கொண்டவர்கள் என்பதைக் கருதும்போதுதான் இம்முடிவின் கனம் விளங்கும்.

இக்குறைகளில் எதைக் காய்கறி தீர்க்கிறது? நேர்மையாகச் சொன்னால், அநேகமாக எதையும் தீர்ப்பதில்லை. காரட்டிலும் பரங்கிக்காயிலும் உள்ள காரோட்டினை நாயின் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் என்பது உண்மை. பூனைக்கு அந்தச் சக்தி இல்லை. ஆனால் சிறிதளவு ஈரல் கொடுத்தாலே அச்சத்து தேவைக்கு மேல் கிடைத்துவிடுகிறது. வைட்டமின் சி-யை நாய் தன் ஈரலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. மாங்கனீஸைக் கீரை ஓரளவு தருமாயினும், ஆக்ஸலேட் மிகுந்த கீரை வகைகள் ஆகாரத்திலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போட்டு, அது உடலில் சேராதபடி செய்கின்றன. கோசு இனத்துக் காய்களைப் பச்சையாக மிகுதியாகக் கொடுத்தால், ஏற்கெனவே அயோடின் குறைந்த ஆகாரத்தில் தைராய்டுக்கு அவை மற்றொரு சுமையாகும். போதாததற்கு, நாயின் உமிழ்நீரில் அமிலேசு இல்லை. அதன் தாடை பக்கவாட்டில் அசைந்து அரைக்கும் அமைப்பு உடையதன்று. செல்லுலோஸ் சுவரை உடைக்கும் வலிமையும் அதன் குடலுக்குக் கிடையாது. துண்டாக நறுக்கிப் போட்ட காரட் பெரும்பாலும் துண்டாகவே வெளிவருவதை வளர்ப்போர் அனைவரும் பிரத்தியட்சமாகக் கண்டிருப்பர். அரைத்துக் கொடுக்கவேண்டும் என்று பில்லிங்ஹர்ஸ்ட் முதலியோர் சொன்னது, இவ்விஷயத்தில் நியாயமே.

காய்கறிக்கு உள்ள உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. அதன் நார் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதித்து, குடற்சுவரைப் போஷிக்கும் சிறு கொழுப்பமிலங்களைத் தருகிறது. எலும்பு மிகுந்த ஆகாரத்தால் கட்டிப்போகும் மலத்தை இளக்குகிறது. உடல் பருத்த நாய்க்குச் சக்தியைக் கூட்டாமல் வயிற்றை நிரப்புகிறது. 2005-இல் அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையார், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இயல்பாகவே இலக்காகும் ஸ்காட்டிஷ் டெரியர் இனத்து நாய்களை ஆராய்ந்து, வாரத்தில் மூன்று முறையேனும் காய்கறி உண்டவற்றில் அந்நோய் குறைவாக இருந்ததாக வெளியிட்டனர். பச்சைக் கீரை வகையில் பலன் அதிகமாகவும், மஞ்சள் நிறக் காய்களில் அதற்கு அடுத்தபடியாகவும் தோன்றியது. அந்த ஆராய்ச்சி, நோயுற்ற நாய்களையும் நோயற்றவற்றையும் எடுத்துக்கொண்டு உடையவர்களின் நினைவைக் கேட்டு அமைத்தது. ஓர் இனத்தைப் பற்றியது. அந்நாய்கள் பச்சை மாமிசம் உண்டவையும் அல்ல. இருந்தும், காய்கறியால் வரும் நன்மைக்குக் கைவசமுள்ள ஆதாரங்களில் இதுவே மதிக்கத்தக்கது என்பது என் அபிப்பிராயம். வெங்காயமும் திராட்சையும் இக்கூழில் ஒருபோதும் சேரக்கூடாது: முன்னது செவ்வணுக்களைச் சிதைக்கும், பின்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி, துணைச்சத்தே வேண்டா என்போர், அதனை நவீன வியாபாரத்தின் கற்பனையாகக் கருதுகின்றனர். சரித்திரம் வேறு கதை சொல்கிறது. வைட்டமின் சாஸ்திரத்தின் பெரும்பகுதி நாயின் உடலில்தான் எழுதப்பட்டது. 1919-இல் லண்டனில் எட்வர்டு மெல்லன்பி நாய்க்குட்டிகளை அறைக்குள் அடைத்துத் தானிய உணவு கொடுத்து ரிக்கெட்ஸ் நோயை வரவழைத்து, காட் மீனின் ஈரல் எண்ணெயால் அதனைத் தடுத்துக் காட்டினார். வைட்டமின் டி என்பது தனிப் பொருள் என்று அமெரிக்க விஞ்ஞானி மெக்காலம் 1922-இல் நிறுவியதற்கு வழிவகுத்தது அதுவே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாகாணங்களின் ஏழைகளை வாட்டிய பெலாக்ரா நோய்க்கு இணையான கருநாக்கு நோயை நாயில் நிக்கோட்டினிக் அமிலத்தால் குணப்படுத்தி, 1937-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த கான்ராட் எல்வெஜம் மனிதருக்கும் மருந்து காண வழி திறந்தார். நாய் ஒன்றன் குறைவால் நோயுறும், அதனைச் சேர்த்தால் தேறும் என்பது இவ்வாறு பரிசோதனையில் நிரூபணமானது. வெயிலில் திரிந்தால் வைட்டமின் டி தானே கிடைத்துவிடாதா என்று வினவலாம். நாயின் தோல் அந்தச் சத்தைப் போதிய அளவில் உண்டாக்கமாட்டாது என்று நெதர்லாந்தின் உட்ரெக்டில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நாய் அதனை உணவிலிருந்தே பெறவேண்டும்; கொழுப்பு மீனோ அளவான மாத்திரையோ இல்லாத பச்சை ஆகாரத்தில் அது எங்கிருந்து வரும்?

ஆனால் குறைவைக் கண்டு அஞ்சியவர்கள் மிகுதியைக் கண்டு அஞ்சாமல் போவது அதைவிடப் பெரிய விபரீதம். அதே உட்ரெக்டில் ஹேசவிங்கெலும் அவர் சகாக்களும் 1985-இல் கிரேட் டேன் குட்டிகளுக்கு, உலர்ந்த உணவின் எடையில் மூன்று சதவீதத்துக்கும் மேல் கால்சியம் சேர்த்துக் கொடுத்தபோது, அவற்றின் எலும்பு வளர்ச்சி விகாரமடைந்தது. இளங்குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தை மறுக்கும் திறமையை இன்னும் பெற்றிருப்பதில்லை. கொடுத்ததெல்லாம் உள்ளே போகிறது. எலும்பும் கொடுத்து, அதன்மேல் கால்சியம் மாத்திரையும் கொடுக்கும் வழக்கம் பெரிய ஜாதிக் குட்டிகளை வளர்ப்போரிடம் மிகவும் சாதாரணம். ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் ஒருங்கே மிகுந்தால் வைட்டமின் ஏ நஞ்சாகி எலும்பைக் கெடுக்கும். இதைவிட விசித்திரமானது, மாட்டுக் கழுத்து இறைச்சியோடு ஒட்டிவரும் தைராய்டு சுரப்பியால் நாய்க்கு ஹார்மோன் மிகுந்து, எடை குறைந்து, இதயம் படபடக்கும் நோய் உண்டாவது. ஜெர்மனியில் இது பச்சை ஆகாரம் உண்ட நாய்களிடம் கண்டறியப்பட்டு, இறைச்சியை மாற்றியதும் குணமானது. முழு இரையின் பூரணத்தைப் போற்றும் கட்சியார் இச்செய்தியைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். அயோடினைத் தரும் அதே சுரப்பி, அளவு தவறினால் நோயையும் தருகிறது. ஒரு முயலை முழுதாகத் தின்னும் ஓநாய்க்கு ஒரு முயலின் சுரப்பி மட்டுமே கிடைக்கிறது, கடையில் கழுத்து இறைச்சியை மூட்டையாக வாங்குபவரின் நாய்க்கோ பல மாடுகளின் சுரப்பி சேர்ந்து விழுகிறது. கடற்பாசித் தூளும் இத்தகையதே. இனத்துக்கு இனம், அறுவடைக்கு அறுவடை அதன் அயோடின் அளவு பெரிதும் மாறுபடுவதால், கரண்டிக் கணக்கில் அள்ளிப் போடுவதைவிட அளவு அச்சிட்ட மாத்திரையைக் கொடுப்பதே பாதுகாப்பு.

வளர்ந்த நாய்க்கு இக்கணக்கில் நேரும் சிறு பிழை பல மாதங்களுக்கு வெளியே தெரியாது. எலும்பிலும் ஈரலிலும் உள்ள சேமிப்பு அதனை மறைத்துவிடும். ‘ஐந்து வருஷமாக இப்படித்தான் கொடுக்கிறேன், என் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை’ என்னும் அனுபவவாதத்துக்கு இதனால்தான் வலிமை குறைவு. குட்டிக்கும் கருவுற்ற தாய்க்கும் அந்தச் சேமிப்பின் அவகாசம் கிடையாது. ஆகையால், பச்சை ஆகாரம்தான் என்று உறுதி கொண்டவர்களும், பெரிய ஜாதிக் குட்டி வளர்ந்து முடியும் வரையிலேனும், கால்நடை ஆகார நிபுணர் ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு சத்தையும் கணக்கிட்டுத் துணைச்சத்தின் அளவை நிர்ணயித்துக்கொள்ளவேண்டும். காய்கறியைச் சேர்ப்பதா வேண்டாவா என்பதை அவர்கள் தம் விருப்பப்படியும் நாயின் மலத்தின் தன்மையைப் பார்த்தும் தீர்மானித்துக்கொள்ளலாம்.