வெள்ளப் பாய்ச்சல் மதிப்பீடு: அருவி ஆறும் மன்னார்க் கரையும்

வெள்ளப் பாய்ச்சல் மதிப்பீடு என்பது ஓர் ஆற்றிலோ ஓடையிலோ பெருவெள்ளத்தின்போது ஒரு செக்கனில் எத்தனை கன மீட்டர் நீர் கடக்கும் என்று கணிக்கும் பணி. பாலத்தின் கண்ணளவு, குளக்கட்டின் உயரம், வானின் (குளத்தின் மிகைநீர் வழியும் இடத்தின்) நீளம், வீடு கட்டத் தகுந்த மேட்டின் எல்லை ஆகிய நான்கும் பெரிதும் இந்த ஒரே எண்ணைப் பொறுத்தே தீர்மானமாகின்றன. எண் குறைந்தால் கட்டு உடைகிறது. தேவைக்கு மேல் கூடினால் வறிய மாவட்டத்தின் பணம் கொங்கிறீற்றில் வீணாகிறது.

மன்னார் மாவட்டத்தில் இந்தக் கணிப்பு பெரும்பாலும் அருவி ஆற்றைப் பற்றியது. அனுராதபுர மாவட்டத்தில் மல்வத்து ஓயா என்று அழைக்கப்படும் இந்த ஆறு 164 கிலோமீட்டர் நீளமுடையது. இலங்கையின் இரண்டாவது நீண்ட ஆறு. 3,246 சதுர கிலோமீட்டர் பரப்பின் நீரைத் திரட்டிக்கொண்டு, அரிப்புக்கும் வங்காலைக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. தேக்கம் அணைக்கட்டு இதன் நீரை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகிறது. மோதரகம் ஆறு (932 ச.கி.மீ.), பறங்கி ஆறு (832 ச.கி.மீ.), நாய் ஆறு (560 ச.கி.மீ.), பாலி ஆறு (451 ச.கி.மீ.) ஆகியவையும் இதே கரையை நோக்கி ஓடுபவை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இவை ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையில் சில நாள்களுக்குள் கரை புரள்கின்றன.

நேரடி அளவீடு

மதிப்பீட்டின் அடித்தளம் அளவீடே. நீரோட்டமானியை வெவ்வேறு ஆழங்களில் இறக்கி வேகம் அளந்து, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் பாய்ச்சல் கிடைக்கும். இதைப் பல நீர்மட்டங்களில் செய்து வரையப்படும் மட்டம்–பாய்ச்சல் வளைகோடு கைவசம் இருந்தால், பின்னர் அளவுகோலைப் படித்தாலே போதும். நீர்ப்பாசனத் திணைக்களம் தந்திரிமலையில் மல்வத்து ஓயாவின் மட்டத்தை இவ்வாறுதான் கவனித்து எச்சரிக்கை விடுகிறது. ஆனால் வளைகோட்டின் உச்சிப்பகுதியே எப்போதும் பலவீனமானது. பெருவெள்ளத்தில் படகோ மானியோ ஆற்றில் இறங்க முடியாது. அங்கே கோடு ஊகத்தால் நீட்டப்பட்டதாகவே இருக்கும்.

அளக்க முடியாமல் போன வெள்ளத்தை வடிந்த பிறகும் கணிக்கலாம். சுவரில் படிந்த சேற்றுக்கோடு, மரக்கிளையில் சிக்கிய வைக்கோல், பாலத்தூணில் ஒட்டிய குப்பை ஆகியவற்றின் உயரங்களை ஆற்றின் ஓரிடத்திலும் கீழே இன்னோரிடத்திலும் அளந்தால் நீர்ப்பரப்பின் சரிவு தெரியும். ரொபேட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தில் அந்தச் சரிவையும் குறுக்குவெட்டையும் கரடுத்தன்மை எண்ணையும் இட்டால் வேகம் வரும். துப்புரவான மணல் படுகைக்கு அந்த எண் 0.03 அளவிலும், அடர்ந்த பற்றைக்காட்டுக் கரைக்கு 0.1 அளவிலும் இருக்கும். மன்னார்ச் சமவெளியில் சரிவு மிகச் சிறியது என்பதால் உயரத்தில் சில சென்ரிமீட்டர் தவறினாலும் விடை கணிசமாக மாறும். ஆகவே வெள்ளம் வடிந்த அதே வாரத்தில், மழை தடங்களைக் கழுவுமுன், மட்டக்கருவியோடு போய் அளப்பது முக்கியம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் போன்ற நிகழ்வுகள் மன்னாரின் தாழ்நிலங்களில் விட்டுச்செல்லும் தடங்கள், பல ஆண்டுக் கணிப்புகளைவிடப் பெறுமதியானவை.

அனுபவச் சூத்திரங்கள்

பதிவே இல்லாத ஆறுகளுக்காக 19ஆம் நூற்றாண்டுப் பொறியியலாளர்கள் பரப்பளவை மட்டும் வைத்துச் சூத்திரம் செய்தார்கள். வட இந்தியாவில் டிக்கன்ஸ், சென்னை மாகாணத்தில் ரைவ்ஸ் ஆகியோருடையவை இன்றும் பாடநூல்களில் உள்ளன. ரைவ்ஸ் சூத்திரத்தில் நீரேந்து பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கு ஒரு குணகத்தால் பெருக்கப்படும்: இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5, மலையடிவாரத்தில் 10.2. அருவி ஆற்றின் முழுப் பரப்பையும் இதில் இட்டுப் பார்த்தால் விடை செக்கனுக்கு ஏறத்தாழ 1,490, 1,860, 2,240 கன மீட்டர் என்று குணகத்துக்கேற்ப மாறும். ஒரே ஆறு, ஒரே பரப்பு. எந்தக் குணகத்தை எடுப்பது என்ற தெரிவு மட்டுமே விடையை ஒன்றரை மடங்காக உயர்த்திவிடுகிறது. தமிழ்நாட்டு ஆறுகளுக்கென எழுந்த குணகங்களைப் பாக்கு நீரிணைக்கு இப்பால் கொண்டுவருவதற்கு எந்த நியாயமும் இல்லை. இச்சூத்திரங்கள் வேறு முறையால் கண்ட விடையைச் சரிபார்க்க மட்டுமே உதவும்.

மழையிலிருந்து பாய்ச்சல்

சிறு நிலப்பரப்புகளுக்கு அயர்லாந்துப் பொறியியலாளர் மல்வனி 1850 அளவில் வகுத்த முறை இன்றும் நிலைத்திருக்கிறது. வழிந்தோடும் விகிதம், மழைச்செறிவு, பரப்பு மூன்றையும் பெருக்கி 3.6ஆல் வகுப்பதே அது. ஆறே இல்லாத மன்னார்த் தீவுக்கு இதுதான் பொருந்தும். எருக்கலம்பிட்டிக்கு அண்மையில் உள்ள தாராபுரத்தில், ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் மணித்தியாலத்துக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்து, மணல் உறிஞ்சியது போக 0.3 பங்கு ஓடுவதாகக் கொண்டால், வீதியின் மதகு வழியே செக்கனுக்கு 5 கன மீட்டர் போகவேண்டும். தொடர்மழையில் நிலத்தடி நீர் மேலெழுந்து மணல் ஊறிவிட்டால் அதே விகிதம் 0.6 ஆகலாம், மதகு இரு மடங்கு நீரைக் கடத்தவேண்டி வரும். கடல்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் மதகு இருந்தும் நீர் வெளியேற இடமிருக்காது. தீவில் வெள்ளம் என்பது பெரும்பாலும் தேங்கி நிற்பதுதான். அங்கே பாய்ச்சலின் உச்சத்தைவிட எத்தனை நாள் நிற்கும் என்பதே கணிக்கவேண்டியது.

பெரிய வடிநிலங்களுக்கு 1932இல் ஷெர்மன் தந்த அலகு நீர்வரைபு முறை வழியமைத்தது. வடிநிலம் முழுவதும் ஒரு சென்ரிமீட்டர் மிகைமழை (நிலம் உறிஞ்சியது போக ஓடும் மழை) ஒரே சீராகப் பெய்தால் ஆறு எப்படி ஏறி இறங்கும் என்பதை வரைந்துகொண்டு, உண்மையான மழைக்கு ஏற்ப அதைப் பெருக்கிக் கூட்டுவது அது. பதிவில்லாத ஆறுகளுக்கு, நீளத்தையும் வடிவத்தையும் கொண்டு அந்த வரைபைச் செயற்கையாக ஆக்கும் வழியை ஸ்னைடர் 1938இல் காட்டினார். இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஏ. ஜே. பி. பொன்ராஜா 1980களில் எழுதிய வழிகாட்டி நூல்கள் ஸ்னைடர் முறையையும் மல்வனி முறையையும் இந்நாட்டு மழைத்தரவுகளோடு இணைத்தன. சிறு நீரேந்து பரப்புகளில் தலைமைக் கட்டமைப்புகளை (headworks) வடிவமைப்போர் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

குளங்கள் இடையே வரும்போது

மேற்கூறிய முறைகள் எல்லாம் மழைநீர் தடையின்றி ஆற்றை அடைவதாக எண்ணுகின்றன. அருவி ஆற்றில் அது நடப்பதில்லை. அதன் வடிநிலம் நூற்றுக்கணக்கான சிறு குளங்களால் நிறைந்தது. ஒரு குளத்தின் வான்நீரும் வயல்களின் கழிவு நீரும் அடுத்த குளத்துக்குப் போகும். இந்தக் குளத்தொடர் அமைப்பை 1985இல் புவியியலறிஞர் மத்துமபண்டார ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வடிநிலம் முழுவதும் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 32 கோடி கன மீட்டருக்கு மேல் நீர். கட்டுக்கரைக் குளம் கொள்வது ஏறத்தாழ 3.9 கோடி. ஐப்பசியில், குளங்கள் வற்றிக் கிடக்கும்போது பெய்யும் மழையின் பெரும்பங்கு வழியிலேயே தங்கிவிடும். அதே மழை மார்கழியில், எல்லாக் குளங்களும் வான்மட்டத்தில் நிற்கும்போது பெய்தால் ஆறு வேறோர் ஆறாகிவிடும். எனவே இங்கே நம்பத்தக்க மதிப்பீடு மழையளவோடு, அந்த நாளில் குளங்களில் இருந்த நீரின் அளவையும் கேட்கவேண்டும்.

குளங்கள் அளவுகோல்களாகவும் பயன்படும். அகன்ற முடியுடைய வானில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பாய்ச்சல், நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்கை 1.7ஆல் பெருக்கியது. 50 மீட்டர் நீள வானில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் மேவினால் செக்கனுக்கு 85 கன மீட்டர். ஒன்றரை மீட்டர் மேவினால் 156. ஒரு மீட்டர் உயரத்தில் 10 சென்ரிமீட்டர் தவறினால் விடை ஏறத்தாழ 15 சதவீதமே மாறும். வான் எவ்வளவு உயரம் பாய்ந்தது என்பதைக் குளக்கரை விவசாயி சுவரில் கோடிட்டு வைத்தால், எந்த மானியும் இல்லாத ஓடைக்கும் பதிவு கிடைத்துவிடும். 80 ஹெக்டயருக்குக் குறைவாகப் பாயும் சிறு குளங்களின் பொறுப்பு கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் விவசாயிகள் அமைப்புகளிடமும் இருக்கிறது. இந்த எளிய பழக்கத்தை அவர்களால் உடனே தொடங்க முடியும்.

கட்டு உடைந்தால் கணக்கு தலைகீழாகிறது. ஃபிரோலிக் 1995இல் உடைந்த அணைகளின் தரவுகளிலிருந்து பெற்ற சூத்திரப்படி, 10 இலட்சம் கன மீட்டர் நீரும் 4 மீட்டர் ஆழமும் உள்ள சிறுகுளம் உடைந்தால் உச்சப் பாய்ச்சல் செக்கனுக்கு 200 கன மீட்டரை எட்டும். அடுத்த குளத்தின் வான் அதற்காகக் கட்டப்பட்டதல்ல, அந்தக் குளமும் உடையலாம். 1957 டிசம்பர் வெள்ளத்தில் அனுராதபுரத்துக்கு மேலே நாச்சதுவ குளம் பலத்த சேதமடைந்தது. அதன் கொள்ளளவு சுமார் 5.5 கோடி கன மீட்டர்.

நிகழ்தகவு முறை

ஆண்டுதோறும் கண்ட உச்ச வெள்ளங்களை வரிசைப்படுத்தி, கம்பல் 1941இல் பயன்படுத்திய பரவலில் பொருத்தினால் 50 அல்லது 100 ஆண்டு வெள்ளம் கிடைக்கும். 100 ஆண்டு வெள்ளம் என்பது எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ளது. 50 ஆண்டுக் காலத்தில் ஒரு முறையாவது வர 39 சதவீத வாய்ப்பு. இம்முறை நீண்ட, ஒரே தன்மையான பதிவைக் கேட்கிறது. வடக்கில் போர்க்காலத்தில் மழைமானிப் பதிவுகளும் மட்டப் பதிவுகளும் பல இடங்களில் அறுபட்டன. 1990 ஒக்டோபரில் தாராபுரம் உட்பட மன்னார் ஊர்களின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எந்த மழையில் எந்த ஒழுங்கை மூழ்கும் என்று அறிந்தவர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டுகளின் வெள்ளத் தடங்களைச் சொல்ல ஆளில்லை. பதிவின் தன்மையும் மாறியிருக்கிறது: 1976இலிருந்து மகாவலி ஆற்று நீர் கலாவெவக் குளத்தின் வழியே நாச்சதுவ உள்ளிட்ட குளங்களுக்கும் வருவதால், மழைக்கு முன்பே அவை நிறைந்திருக்கும் வாய்ப்பு கூடியது. ஆகவே 1976க்கு முந்திய உச்சங்களையும் பிந்தியவற்றையும் ஒரே வரிசையில் சேர்க்குமுன் இரு பகுதிகளையும் தனித்தனியே சோதிக்கவேண்டும். தந்திரிமலையில் திட்டமிடப்பட்டுள்ள கீழ் மல்வத்து ஓயா நீர்த்தேக்கம் நிறைவேறினால் அதற்குக் கீழுள்ள பழைய மதிப்பீடுகள் அனைத்தையும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து செய்யவேண்டியிருக்கும்.